அட்டைப் படம் தெளிவில்லை என்பவர்களுக்கு

செய்தி வந்தபோது நான் அச்சகத்துக்குப் போக பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம் வந்து விழுந்தது. நீலக் கோட், சிவப்புக் கோடு போட்ட கழுத்துப்பட்டி, பின்னால் பனிமலை. முகத்தை என்னால் மட்டுக்கட்ட முடியவில்லை. கோட்டை மட்டும் உடனே தெரிந்தது. அது மானிப்பாயில் நான் வேலை செய்யும் அச்சகத்துக் கணினியில் இருக்கிற கோட். தலையில்லாத கோட்டுகள் நிறம் நிறமாக ஒரு கோப்புறைக்குள் கிடக்கின்றன. யாராவது இறந்தால் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டி அவற்றில் ஒன்றில் பொருத்துவோம். அந்த நீலக் கோட்டை எத்தனையோ பேருக்குப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

பெயரை வாசித்த பிறகுதான் அது யோகண்ணை என்று விளங்கியது. விடியற்காலையில் நெஞ்சு நோ என்று சொன்னவர், ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். லண்டனில் இருக்கும் தம்பி தொலைபேசியில் சொல்ல, எங்கள் முதலாளி அவசரமாகச் செய்து கொடுத்த படம் அது. சாரமும் அரைக்கைச் சேட்டும் தவிர வேறெதுவும் உடுத்து நான் கண்டிராத மனிதருக்குக் கோட்டும் பனிமலையும். அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கோபத்தோடேயே இதை எழுதுகிறேன்.

யோகண்ணை ஆசுபத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கனடாவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த மைத்துனர் தொழிலை விட்டபோது தன்னுடைய கமராவை அவருக்கு அனுப்பிவைத்தார். மீடியம் ஃபோர்மட் டிஜிட்டல் கமரா. படம் பதிகிற சென்சர் சாதாரணக் கமராக்களில் உள்ளதைவிடப் பெரிது. ஒரு சந்தியை முழுதாக எடுத்தாலும் அதன் மறு தொங்கலில் நிற்பவரின் சேட்டுப் பொத்தானைப் பார்க்கலாம். பாரமோ ஒரு பலாப்பழப் பாரம். ஓடுகிற எதையும் எடுக்க உதவாது. அதில் எடுத்த ஒரு படத்தைத் திறக்க எங்கள் கணினிக்கு மூச்சு வாங்கும். அந்தக் கமராவால் அவர் எடுத்தவை என்ன தெரியுமா? வாளி, கேத்தில், கொடியில் காயும் சாரம், கடைவாசலில் சாத்திய சைக்கிள், பஸ்ஸுக்கு நிற்கும் சனம்.

வட்டுக்கோட்டையில் அவருடைய அயல் முழுக்க அதற்குச் சிரித்தது. "உதாலை ஒரு சாமத்திய வீடு எடுத்தா எவ்வளவு வடிவாயிருக்கும். உந்த வாளியை ஏன் காணும் எடுக்கிறீர்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். யோகண்ணை கமராவிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்: "தேருக்கும் கல்யாணத்துக்கும் கமராவோடை நிறையப் பேர் நிக்கினம். வாளிக்கு ஆர் நிக்கினம்?"

பக்கத்து வீட்டுக்காரர் போன பிறகு யோகண்ணை எனக்குக் காரணம் சொன்னார். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அவருடைய கல்யாண அல்பமும் போயிருந்தது. "அல்பம் போனது கவலைதான், தங்கச்சி. அந்த மூஞ்சியள் நினைவிலை இருக்கு. ஆனா எங்கடை கிணத்தடியிலை என்ன நிறத்திலை வாளி இருந்தது எண்டு எனக்கும் சரோவுக்கும் இண்டைக்கும் சண்டை. அவ பச்சை எண்டுறா. நான் நீலம் எண்டுறன். ஆரைப் போய்க் கேக்கிறது?" அவர் மனைவி சரோ அக்கா குசினிக்குள்ளிருந்து, "பச்சைதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

ஒருமுறை நீர்வேலிக்கு அவரோடு போனேன். அச்சகத்து நாட்காட்டிக்கு ஒரு வாழைத்தோட்டப் படம் தேவைப்பட்டது. குலை வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் எங்களைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாத சேட், முகத்தில் பவுடர் என்று திரும்பி வந்து வாழைக்குப் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நின்றார். கமராவைக் கண்டால் எங்கள் சனம் எல்லாம் செய்கிற வேலைதான். தோட்டக்காரரின் மனம் நோகாமல் யோகண்ணை ஒரு படம் எடுத்தார். பிறகு கமராவின் முக்காலியை மடக்காமல் வரம்பில் குந்திக்கொண்டு, காற்று முறித்த வாழை, உரத்தின் விலை என்று கதைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. தோட்டக்காரருக்கு வெட்டாமல் கிடந்த குலைகளின் நினைவு வந்திருக்க வேண்டும். சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். அப்போதுதான் யோகண்ணை எழும்பினார். "பவுடர் வேர்க்குமட்டும் நிக்கவேணும், தங்கச்சி. அதுக்குப் பிறகுதான் ஆள் வரும்" என்றார். நாட்காட்டிக்கு முதலாளி தெரிந்தெடுத்தது பவுடர்ப் படத்தை.

யோகண்ணைக்கு நடந்த அவமானம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துப் படங்களைக் கண்காட்சி வைக்கப்போகிறோம் என்று வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. அவர் தன்னுடைய கேத்தில்களையும் சைக்கிள்களையும் எங்கள் அச்சக மேசையில் விரித்துக் காட்டினார். வந்தவர்கள் கமராவைப் புகழ்ந்தார்கள். பிறகு, "உடைந்த வீடுகள் இல்லையா?" என்று கேட்டார்கள். ஒரு படம் இருந்தது. துப்பாக்கிச் சூடு பட்டுத் துளை துளையாகக் கிடந்த சுவர், அதற்கு முன்னால் கொடியில் ஒரு ஈரச் சாரம். சாரத்திலிருந்து சொட்டப்போகிற தண்ணீர்த்துளி வரைக்கும் தெளிவு. அவர்களில் ஒருவர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அருமை. இந்தச் சாரத்தை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுக்கலாமா?" என்றார். யோகண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார். "அது காயாமல் எடுக்கேலாது. அந்த மனுசன் மற்றச் சாரத்தை உடுத்திருக்கிறார்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். ஒரு படத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. யோகண்ணையின் இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து 'மண்ணின் கலைஞன்' என்று முழங்கியவர், சாரத்தை எடுத்துவிடச் சொன்ன அதே ஆள்தான். நான் எழும்பி வெளியே போனதைச் சிலர் கண்டிருப்பீர்கள். எனக்குத் தலையிடி என்று நினைத்திருந்தால், அது தலையிடி இல்லை.

அயல் சிரித்தது என்றேன். சிரித்த அயல் அவரிடம் வரத்தான் செய்தது, செத்தவீடு விழுந்த பிறகு. ஒருநாள் ஒரு பெண் அவரைத் தேடிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தாள். "அம்மாவின்ரை படம் எண்டு ஐடென்ரிக் கார்ட்டிலை இருக்கிறதுதான், அண்ணை. அதிலை அம்மா மாதிரியே இல்லை. நீங்கள் மானிப்பாயிலை பஸ்ஸுக்கு நிக்கிற சனத்தை எடுத்தனீங்களாமே?" அவர் அந்தப் படத்தைத் திறந்து பெருப்பித்துக்கொண்டே போனார். வரிசையின் கடைசியில் அந்த அம்மா நின்றார். இடுப்பில் கையை ஊன்றி, பஸ் வருகிற பக்கம் பார்த்து, வாயைக் கோணிக்கொண்டு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் சுற்றியிருந்த நூல்கூடத் தெரிந்தது. "பஸ் பிந்தினா அம்மா இப்பிடித்தான் நிப்பா" என்று அந்தப் பெண் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

அடுத்த நாள் அவளுடைய தமையன் வெளிநாட்டிலிருந்து முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மாவுக்குப் பட்டுச்சேலை உடுத்த வேண்டும், சங்கிலி போட வேண்டும், கண்ணாடியை எடுத்துவிட்டு வாயை நேராக்க வேண்டும். முதலாளி எல்லாவற்றையும் செய்தார். யோகண்ணை அவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"எக்ஸ்ரேயிலை எலும்பு கோணலா வந்தா நான் நேராக்கியே குடுத்தனான்? செத்த மனுசிக்கு உடுப்பு மாத்த நீர் ஆர் காணும்?"

"சனம் கேக்குது, நான் செய்யிறன். நான் செய்யாட்டி முன்கடைக்காரன் செய்வான்" என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் யோகண்ணை அச்சகத்துப் பக்கம் வரவில்லை.

அவரை அந்தக் கமராவால் எடுத்த படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. எடுத்தது நான். ஒருநாள் அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் கமராவை என் கையில் தந்து, "ஊரிலை எல்லாரையும் எடுத்தாச்சு. என்னை எடுக்கத்தான் ஒருத்தருமில்லை. இந்தா, ஒண்டு அமத்து" என்றார். அவரை ஒரு பக்கமாக ஒதுக்கி நிற்கவிட்டு நான் அமத்தினேன். அந்தக் கமரா படத்தின் நடுவில் இருப்பதைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். அதுவும் கிட்டவுள்ள ஒன்றைப் பிடித்தால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளதெல்லாம் மங்கிவிடும். நடுவில் இருந்தது அவருக்குப் பின்னால் கிணற்றுக்கட்டில் வைத்திருந்த வாளி. வாளியின் விளிம்பில் கயிறு தேய்த்த தழும்பு வரைக்கும் விழுந்திருந்தது. யோகண்ணை மங்கலாக, ஒரு பனிப்புகார் மாதிரி நின்றார். படத்தைப் பார்த்துவிட்டு அவர் இருமல் வருமட்டும் சிரித்தார். "வாளி நல்லா வந்திருக்கு. பக்கத்திலை நிக்கிற ஆள் ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லு" என்றார். இன்னொன்று எடுக்கிறேன் என்று சொன்னேன். "வேண்டாம். சாரத்தோடை நிக்கிறன் எண்டு தெரியுதுதானே. அது காணும்" என்றார்.

இறந்த பிறகு, கோட் போட்ட யோகண்ணை ஊரில் ஒரு லைற் போஸ்ட் விடாமல் தொங்கினார். நான் வாளிப் படத்தைப் பெரிதாக அடித்து எடுத்துக்கொண்டு, லண்டனிலிருந்து வந்திறங்கியிருந்த தம்பி குணத்திடம் போனேன்.

"மாலதி, உங்கடை கவலை எனக்கு விளங்குது. ஆனா இதிலை முகமே தெரியேல்லையே" என்றார் குணம். "கோட் போடாட்டி, தம்பி வெளிநாட்டிலை இருந்தும் தமையனைக் கவனிக்கேல்லை எண்டு சனம் கதைக்கும்."

"உங்கடை அண்ணை கோட் போட்டு நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை."

"அந்த மலையடியிலையாவது போய் நிண்டவரோ?"

அவர் படத்தை என் கையில் திருப்பித் தந்தார். குணம் கெட்டவர் இல்லை. விமான நிலையத்திலிருந்து நேரே வந்து தமையனின் காலைக் கட்டிக்கொண்டு அழுத மனிதர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவர்கள் செய்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போயிருக்கலாம். பாசத்தோடு ஒரு ஆளை இல்லாமல் செய்கிறவர்களை என்ன செய்வது? படத்தை என் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று உங்களில் பலர் யோகண்ணை வீட்டில் இருந்தீர்கள். இருந்தும் வெளிப்பந்தலில் இருந்தவர்களுக்கு உள்ளே நடந்தது தெரிந்திருக்காது. அறைக்குள் கோட் போட்ட படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். முன்னால் தலைவாழை இலை. சுறா வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, மரவள்ளிக்கிழங்கு என்று அவருக்குப் பிடித்ததெல்லாம் சட்டிகளில் வந்து இறங்கின. சரோ அக்காவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அகப்பையைக் கையில் கொடுத்தார்கள். முதல் சோற்றை அவர்தான் படைக்க வேண்டும். அவர் அகப்பையோடு நின்று படத்தைப் பார்த்தார். அன்று வரைக்கும் அவர் அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தார்.

"உந்தக் கோட்டுக்காரனுக்கு நான் சோறு போடேலாது."

குணம் மெல்ல, "அண்ணி, உது அண்ணைதானே" என்றார்.

"எனக்குத் தெரியேல்லை, குணம். உவரோடை நான் குடியிருக்கேல்லை."

பிறகு என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "மாலதி, அந்த வாளிப் படம் எங்கை?"

அது என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சரோ அக்கா அதைத் தண்ணீர்ச் செம்பில் சாத்திவைத்து, மடங்கியிருந்த மூலையைச் சேலைத் தலைப்பால் நீவிவிட்டார். "பச்சை வாளி. நீலம் எண்டு கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டு, எனக்காண்டிப் பச்சை வாங்கிக்கொண்டு வந்தவர்" என்றார். அதற்குப் பிறகு சோற்றை அள்ளி இலையில் போட்டார். கோட் போட்ட படத்தைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுபோனது குணம். அவரை யாரும் கேட்கவில்லை, தானாகத்தான் செய்தார்.

ஆகவே, முப்பத்தோராம் நாளில் இந்தக் கல்வெட்டு நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். அட்டையில் வாளி தெளிவாகவும் ஆள் மங்கலாகவும் இருப்பது அச்சுப் பிழை அல்ல. அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஏச வேண்டாம். சரோ அக்காவும் குணமும் சொல்லித்தான் போட்டிருக்கிறோம். முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கட்டா என்று முதலாளி கேட்டார். கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன்.

கமரா சரோ அக்காவிடம் இருக்கிறது. யோகண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி மட்டும்தான். போன கிழமை ஒருவர் தகப்பனுடைய அடையாள அட்டைப் படத்தோடு அச்சகத்துக்கு வந்தார். முதலாளி இல்லை. "ஒரு நல்ல கோட்டாப் பாத்துப் போட்டுவிடுங்கோ" என்றார். கணினியில் அந்தக் கோப்புறையைத் திறக்கப் போன கையை எடுத்துவிட்டு, "அப்பா கோட் போடுறவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்ப என்ன உடுத்துவார்?"

அவர் சினந்து எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கதிரையில் இருந்தபடி கையிலிருந்த சின்னப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன்னுடைய தோளைத் தொட்டுக் காட்டினார்.

"இதிலை ஒரு துவாய் கிடக்கும். எப்பவும் கிடக்கும்."