முத்திரை குத்திய புத்தகம்

எங்கள் உத்திரமேரூர் கிளை நூலகத்துக்கு இரும்பு ரேக்குகள் வந்து இறங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

அதுவரை இருந்தவை கரையான் அரித்த இரண்டு மர அலமாரிகள். மழை பெய்தால் ஓட்டுக் கூரை ஒழுகும். நூலகர் புத்தகங்களை வாரி மேஜைக்கு அடியில் தள்ளுவார். அந்த இடத்துக்கு ஒரு பூச்சி மருந்துக் கம்பெனி மூன்று ரேக்குகளும் ஒரு மின்விசிறியும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தது. எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்தில் கம்பெனியின் பெயர். தினமும் பேப்பர் படிக்க வரும் விவசாயி ஒருவர் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, மருந்து பேருதான் தெரியுது, மணி தெரில."

ரேக்குகளோடு வந்திருந்த கம்பெனி ஆபீசர் சிரித்துக்கொண்டே, "மருந்து அடிக்கிற நேரத்த மட்டும் கரெக்டா காட்டும் பெரியவரே" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ரேக்குகளோடு கம்பெனியே அச்சடித்த ஒரு புத்தகமும் கட்டுக்கட்டாக வந்தது. மெல்லியது. வழவழப்பான அட்டையில் நெற்கதிரைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் சிரித்தது. நூலகர் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி, உள்ளே ஊதா மையில் நூலக முத்திரை குத்தினார். கண்ணுக்கு நேராக இருந்த தட்டு முழுவதும் அதையே அடுக்கினார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். கணவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்தார். வாரம் ஒருமுறை எனக்கும் மகளுக்குமாகப் புத்தகம் எடுத்து வருவேன். அவள் அப்போது ஆறாவது. போண்டா மடித்து வந்த தாளைக்கூட எண்ணெயோடு விரித்துப் படிப்பாள்.

அந்த வருஷம் அவள் தலையில் பேன் பிடித்தது. சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. வேப்பெண்ணெய் தடவினேன், பேன் சீப்பால் வாரினேன், போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். முடியை வெட்டிவிடலாம் என்றால் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அப்போதுதான் அந்த மெல்லிய புத்தகத்தோடு ஓடி வந்தாள்.

"எம்மா, இங்க பாரு, பேனுக்குன்னு போட்டுகீது."

வாங்கிப் படித்தேன். பேன், உண்ணி, மூட்டைப்பூச்சி அறவே ஒழியும் என்றும், மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கற்ற மருந்து என்றும் இருந்தது. அது மாட்டுப் பேனைப் பற்றிய பகுதி. தலைப்பு முந்தின பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த மருந்து எங்கள் வீட்டிலேயே இருந்தது.

"அது வயலுக்கு அடிக்கிறதுமே, கொயந்த தலைக்கா?" என்றார் கணவர்.

"மருந்துன்னுதான போட்டுகீது? சர்க்கார் லைப்ரரி புஸ்தகம். சீல் குத்திகீது, பாரு."

"படிச்சவ நீ. எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எங்கள் பேச்சில் நெல்லுக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. அதை விஷம் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கணவரின் கைக்கு அது தெரிந்திருந்தது. மருந்து அடித்துவிட்டு வந்தால் குளிக்காமல் குழந்தையைத் தொடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தண்ணீரில் கலந்து அவள் தலையில் தடவித் துணியால் கட்டினேன். எரியுது என்றாள். பேன் சாகும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து நீர் வடிய ஆரம்பித்தது. பிறகு வாந்தி. பிறகு கையும் காலும் இழுத்துக்கொண்டன. கணவர் ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தார். செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை அவள் மூக்கின்கீழ் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த முட்டாள் சொல்லிக் குடுத்தது?" கையோடு கொண்டுபோயிருந்த புத்தகத்தை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். "இது மாட்டுக்கே ஆகாது. இதுல எவன் நூலக முத்திரை குத்தினான்?" என்றார்.

பிழைத்தாள். ஆனால் வலிப்பு அவளை விடவில்லை. வலது கை நடுங்குகிறது. கோட்டுக்குள் எழுத்து நிற்காது. பரீட்சையில் பாதி எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிடும். எட்டாவதோடு நின்றுவிட்டாள்.

வீடு திரும்பிய மறுநாள் நூலகத்துக்குப் போனேன். நூலகர் என்னைவிடச் சின்னவர். எழுந்து நின்றார்.

"ஏன் சார் சீல் குத்தினீங்க?"

"சீல் இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்கன்னு ஆபீசர் கேட்டாருக்கா. இவ்ளோ சாமான் குடுத்தவரு. எப்பிடி மாட்டேன்னு சொல்றது?"

"பழசு ஒண்ணு இருந்துச்சே, வூட்டு வைத்தியம், சுகாதாரம்னு?"

"கண்ணுக்கு நேரா அவங்க புஸ்தகம்தான் இருக்கணும்னாங்க. பழசயெல்லாம் சாக்குல கட்டி உள்ள போட்டுட்டேன். பிரிக்கட்டுமாக்கா?"

வேண்டாம் என்றேன். பூச்சி மருந்தைத் தலையில் தடவக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.

"இத எடுத்துடுங்க சார். இன்னொரு கொயந்தைக்கு ஆவறதுக்குள்ள."

"ரிஜிஸ்டர்ல ஏத்திட்டேன். மேலேருந்து ஆர்டர் வராம எடுக்க முடியாதுக்கா."

மேலே எழுதினேன். மூன்று கடிதங்கள். பதில் வரவில்லை. அடுத்த வருஷம் ஒழுகும் கூரையை மாற்றிக் கொடுத்தது அதே கம்பெனிதான். வாசல் பலகையில் நூலகத்தின் பெயருக்கு மேலே கம்பெனியின் பெயரை எழுதினார்கள். மெல்லிய புத்தகம் புது அட்டையோடு மறுபடியும் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் மகள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"எம்மா, நீதான அளவு தப்பா போட்டுட்ட?"

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் விடவில்லை.

"புஸ்தகத்துல தப்பா போட மாட்டாங்க இல்ல? லைப்ரரி புஸ்தகமாச்சே."

புத்தகம்தான் தப்பு என்று சொன்னால் அடுத்து அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைத் தேடிக் கொண்டுவந்தவள் அவள். அவள் கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, "ஆமாண்டி, அளவு தப்பு. என் தப்புதான்" என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவள் முகத்தில் பார்த்தேன்.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. படிப்பு நின்றதிலிருந்து நூலகம்தான் அவளுக்கு எல்லாம். சமையல், தையல், உடம்பு என்று எதையாவது எடுத்து வருகிறாள். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் புத்தகத்தை வாங்கி, யார் அச்சடித்தது, யார் கொடுத்தது என்று முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் தேடுகிறேன். சிரிக்கிறாள். "இன்னாத்துக்குமா சந்தேகப்படற? சீல் குத்திகீது, பாரு" என்கிறாள். நாளைக்கு அவள் கையில் ஒரு குழந்தை இருக்கும். அப்போதும் இதைத்தான் சொல்வாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். நடுங்கும் கையால் அவள் முதல் பக்கத்தைப் புரட்டுகிறாள். இன்றும் சொல்லவில்லை.