மூக்குக் குழாய் வழியே இறங்கிய கஞ்சி

என் கணவரின் ஒட்டிப்போன கன்னத்தில் சதை மெல்லத் திரும்புவதை முதலில் கவனித்தவள் நான்தான். ஆனால் மகிழ முடியவில்லை. அதில் என் சமையல் ஒரு பருக்கைகூட இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. புண் ஆறும்வரை வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். சீக்கிரம் தேறட்டும் என்று நான் பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து எடுத்துப்போய் மளமளவென்று ஊற்றினேன். அன்றே வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது.

டாக்டர் கோபிக்கவில்லை. “சத்தை எடுக்கறது சிறுகுடல்தாம்மா. அதோட உள்பக்கம் பூரா கண்ணுக்குத் தெரியாத குட்டிக்குட்டி விரல் மாதிரி இருக்கு. நீர்க்க, மெதுவா வந்தாத்தான் அது உறிஞ்சி ரத்தத்துல சேர்க்கும். ஒரேயடியா தித்திப்பா வந்தா, குடல் உடம்புத் தண்ணியையும் இழுத்து வெளிய தள்ளிடும்” என்றார்.

லால்குடியிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், அவருடைய தங்கை, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் முதல் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் அவள் பொறுப்பாயின. மெல்லிய துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, அவசரமே இல்லாமல் இறங்கவிடுவாள். அத்தனை நேரமும் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“அண்ணி, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்” என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாள் முதல் அவருடைய பசியை அறிந்தவள் நான். வத்தக்குழம்பு கொதிக்கும் வாசனைக்கே அடுக்களைக்கு வந்து நிற்பவர். இப்போது அந்த நாக்குக்கு வேலையில்லை. குடலுக்கு என்னைத் தெரியாது.

குழாயை எடுத்த அன்று ரசம் சாதத்தைக் குழைய மசித்து எடுத்துப்போய் நானே ஊட்டினேன். “நல்லாருக்கு” என்றார், கரகரத்த குரலில். எனக்கு உயிர் வந்தது. பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

“இத்தனை நாளா என்னத்தை ஊத்தினே? அதை ஒரு வாய் குடு, பார்ப்போம்.”

“வேணாம்ண்ணா, உப்புச் சப்பில்லாம இருக்கும்” என்று சிரித்தபடி, மிச்சமிருந்த கஞ்சியை ஒரு கரண்டி தந்தாள். அவர் அதை உடனே விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கண்கள் நிறைந்து வழிந்தன.

இன்றும் நான் சமைப்பதை விரும்பித்தான் சாப்பிடுகிறார். ஆனால் அப்படி ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.