ரேணிகுண்டாவில் இறக்கிவிடப்பட்ட சடுகுடுக்காரன்

எங்கள் ஊர் திருத்தணிப் பக்கம். எல்லை பிரித்தபோது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. திருப்பதிக் கல்லூரியில் படித்த என் மகன், அகில இந்தியப் பல்கலைக்கழகச் சடுகுடுப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தான். வழியனுப்ப ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன்.

ரயில் புறப்படும் நேரத்தில் அணி மேனேஜர் அவன் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்.

"உங்க ஊருதான் அந்தப் பக்கம் பூடுச்சே! அங்கயே போயி ஆடிக்க."

"நான் படிக்கிறது இங்கதானே சார்?"

"வாயாடாதே, எறங்கு."

நான் நாலு பேர் எதிரில் பேசாதவன். உடம்பெல்லாம் எரிந்தது.

மகன் இறங்கியதும் அணித் தலைவனும் பின்னாலேயே இறங்கி வந்தான். பங்காருபாளையத்துத் தெலுங்குப் பையன். சடுகுடு பாடி வருகிறவனை இரண்டிரண்டு பேராகக் கை கோத்துத்தான் மடக்குவார்கள். அவனுக்கு ஜோடி என் மகன்.

"நான் யாரு கையப் புடிச்சிக்கினு ஆடறது சார்? நீங்க வரீங்களா?"

ரயில் பெட்டிக்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் கறுத்தது. "நீயும் வேணாம் போ!" என்றார். ரயில் நகர்ந்தது.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "நெலத்துல கோடு போட்டீங்க, புள்ளைங்க கையிலயுமாடா போடுவீங்க?" என்று ரயிலைப் பார்த்துக் கத்தினேன்.

"வுடுங்க நைனா, அந்தாளுக்குக் கேக்காது," என்றான் அந்தப் பையன். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

எல்லைப் பேச்சு வந்தால் எங்கள் ஊரில் தெலுங்கர்களைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. என் கோபமெல்லாம் அந்த ஒரு மேனேஜர் மேல்தான். அது ஆறவும் வேண்டாம்.