திருவக்கரைக் கல்மரம்

எதிர்வீட்டுக் கதவுக்குத் தச்சர் இழைக்கும் தேக்கின் வாசனை என் நாற்காலி வரை வருகிறது. "பர்மா தேக்குங்க. இத அடிச்சுக்க மரம் ஏதுங்க?" என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார்.

நானும் அப்படிப் பீற்றியவன்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன், பத்து வயதில், ரங்கூனிலிருந்து திண்டிவனத்து அத்தை வீட்டுக்கு வந்திருந்தேன். ரங்கூனிலேயே பிறந்த எனக்கு இதுதான் வெளிநாடு. அப்பாவுக்கு அங்கே தேக்குக் கிடங்கில் வேலை. இங்கே கண்ட மரங்களையெல்லாம் குச்சி என்றேன்.

அத்தை மகள் பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மரம் காட்றேன். நீ அத மரம்னு ஒத்துக்கினா, அப்பறம் ரங்கூன் பேச்சே எடுக்கக் கூடாது."

மாட்டுவண்டியில் திருவக்கரைக்குப் போனோம். செம்மண் மேட்டில் பனை நீளத்துக்கு ஓர் அடிமரம் கிடந்தது. மரத்தின் வரியும் கணுவும் அப்படியே இருந்தன. தொட்டால் வெயிலில் சுட்டது. முழுக்கக் கல்.

"மோந்து பாரு, ரங்கூன் தொரை! லட்சக்கணக்கான வருசத்து மரம்னு வெள்ளக்காரங்களே வந்து பாத்துட்டுப் போனாங்களாம்."

வாசனை இல்லை. "யாரோ செதுக்கிப் போட்டது" என்றேன். கிடங்கில் அப்பா செய்வதுபோல் குந்தி, அதன் முனையில் தெரிந்த வளையங்களை விரலால் எண்ணினேன். எழுபதைத் தாண்டியும் நடுவை எட்டவில்லை. மயிரிழை மயிரிழையாக இப்படி எந்தச் சிற்பி செதுக்குவான்?

"மரம்தான்" என்றேன். அழுகை வந்தது.

"ஐயே, இதுக்கா அழுவுற? ஒங்கப்பா பொறந்த ஊரு மரம்தானே!" என்று தன் மடியிலிருந்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், பாதியை என் பையில் கொட்டினாள்.

பந்தயத்தை நான் மீறவில்லை. ரங்கூனுக்குத் திரும்பியபின் கிடங்கில் எல்லாரிடமும் திருவக்கரையைப் பற்றியே பீற்றினேன்.

தச்சர் நான்காம் முறை தொடங்கினார். "இழைப்புளியைக் கொஞ்சம் கீழே வைங்க" என்றேன். "திருவக்கரைக்குப் போயிருக்கீங்களா?"