கட்டினவர் பேர்

மலைக் குடிசையில் அன்று இருந்தவர்கள்: அப்பா. அம்மா. அண்ணன். வைத்தியர் சடையன். அவர் சம்சாரம். பாயில் நான்.

ஈர விறகுப் புகை கண்ணை எரித்தது. எரியுது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் கொல்லையில் இடி விழுந்து மாமா செத்ததைப் பார்த்தேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அப்பாவே மந்திரிக்கிறவர்தான். வடக்கனந்தல் பக்கம் பிள்ளை பயந்துபோனால் எங்கள் வூட்டுக்குத்தான் தூக்கிக்கினு வருவார்கள். என்னிடம் மட்டும் அவர் வேப்பிலை பலிக்கவில்லை. அம்மா அழுது அழுதுதான் வெள்ளிமலை பஸ் ஏறினோம்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். "எனக்கு ஆவல. நீங்க பாருங்க" என்றார். மலைக்காரர் ஒருவரை அவர் "நீங்க" என்றதை அன்றுதான் கேட்டேன். சடையன் கட்டிலை அவருக்கு விட்டுத் தரையில் உட்கார்ந்தார். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே என் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்.

"பேச்சு வந்ததும் நீங்க அவுருங்க ஐயா. மொதல்ல பாத்தவரு நீங்க. கட்டினவன் பேரச் சொல்லி அவுக்கணும், அவ்ளோதான். நானே கட்டி நானே அவுத்தா, நான்தான் சாமின்னு ஆயிடும்."

அங்கேயே தங்கினோம். ஒரு விடியலில் நான் தண்ணி கேட்டேன். சடையன் சம்சாரம் சொம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

கயிற்றோடு ஊர் திரும்பினோம். அமாவாசைக்கு எங்கள் வாசலில் கூட்டம். கள்ளக்குறிச்சிக்குக் கடுக்காய் விற்க வந்த சடையனும் கடைசியில் நின்றார். அப்பா கயிற்றை அவிழ்த்தார். பேர் வரும் என்று அவர் வாயையே பார்த்தேன். "பாத்துக்குங்க. எம் பொண்ண நானே பேச வெச்சேன்" என்றார்.

"கட்டினது சடையன் மாமா" என்றேன்.

"இன்னா பூசாரி, கொழந்த வேற சொல்லுது?" என்று ஒருத்தர் சிரித்தார்.

அப்பா கை என் வாயைப் பொத்தியது. திருநீறு மூக்கில் ஏறியது. "இன்னும் தெளியல அதுக்கு" என்றவர், கடைசியில் நின்றவரைப் பார்த்தார். "டேய் சடையா, நீயே சொல்லு. யாரு பாத்தது?"

சடையன் துண்டை இடுப்பில் கட்டினார். தலை குனிந்தார்.

"ஐயாதாங்க பாத்தாரு. நான் தண்ணி மொண்டு குடுத்தவன்."

"பேச்சு வந்ததும் மொதப் பேச்சே பொய்யா!" என்றாள் எதிர் வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். அண்ணனும் சிரித்தான்.

அப்பா செய்தது பிறகு பழகிவிட்டது. சடையன் செய்ததுதான் இன்னும் ஆறவில்லை. அடக்கம் என்பார்கள். இருக்கட்டும். அவர் அடக்கத்துக்கு நான் பொய்க்காரி ஆனேன்.

இப்போது அப்பா இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் அப்பா படம் போட்ட பேனர். போனால் என்னைக் கூட்டத்துக்குக் காட்டுகிறான்: "அப்பா பேச வெச்ச பொண்ணு இதுதான்." போன மாதம் தனியாகக் கேட்டேன், கயிறு கட்டினது யாருண்ணா என்று. "இன்னா கயிறு?" என்றான்.

மலையில் அந்தக் குடிசை இல்லை, மரவள்ளி போட்டிருக்கிறார்கள். சடையனும் சம்சாரமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். பேர் சொல்லிக் கயிறு அவிழ்க்கிறவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

குடிசையில் அன்று ஆறு பேர். அவர்களில் இன்று மிச்சம் இரண்டு.