கைப்பிடி அக்காவின் செருப்பு

அழைப்பு மணி அடித்தால் கைப்பிடி அக்கா முதலில் கதவுப் பக்கம் போகமாட்டார். அலமாரிப் பக்கம் போவார். அதன் உச்சியில் நீலக் கட்டம் போட்ட படுக்கை விரிப்பு ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது நழுவாமல் இருக்க ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி பாரமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே இழுப்பு. தட்டுகள், டப்பாக்கள், திருகாணிப் பொட்டலங்கள் எல்லாம் மறைந்துபோகும். அதன் பிறகு ஜன்னல் திரையின் ஓரத்தில் ஒரு கண். அதற்கும் பிறகுதான் கதவு, அதுவும் ஒரு சாண் அகலத்துக்கு.

"நான்தான்க்கா. தினமும் நான்தான் வரேன். தினமும் திருடனைப் பாக்கிற மாதிரியே பாக்கிறீங்க" என்பார் பார்சல்காரர்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கு."

"திறந்திருந்தா என்னக்கா, நீங்க என்ன கஞ்சாவா விக்கிறீங்க?"

"ஐயோ, அந்த வார்த்தையெல்லாம் படிக்கட்டுல நின்னு சொல்லாதீங்க!"

அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், அக்காவுக்கு நாற்பத்துச் சில்லறை. அவர் இவரை அக்கா என்கிறார், இவர் அவரை அண்ணே என்கிறார். மூத்தவர் என்ற பட்டத்தை இருவரும் பல வருடங்களாக அடுத்தவர் தலையிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'கைப்பிடி' என்ற அடைமொழியைக் கொடுத்தவரும் அவர்தான்.

அக்கா விற்பது கைப்பிடிகள். பாத்திர மூடியின் உச்சியில் இருக்கும் குமிழ், வாணலியின் காது, குக்கரின் நீளக் கைப்பிடி, அவற்றுக்கான திருகாணி, வளையம். எல்லாம் கணினி வழியாகத்தான். ஒரு காலத்தில் இவர் வீட்டுப் பாத்திர மூடியின் குமிழ் உடைந்தது. கடை கடையாகக் கேட்டார். "குமிழ் தனியா வராதும்மா, பாத்திரமே புதுசா வாங்கிக்கோங்க" என்றார்கள். ஒரு குமிழுக்காக ஒரு பாத்திரத்தைத் தலைமுழுக அக்காவுக்கு மனம் வரவில்லை. மொத்த வியாபாரி ஒருவரைக் கண்டுபிடித்தார். அவரோ, கொடுத்தால் ஒரு மூட்டை, இல்லாவிட்டால் இல்லை என்றார். வாங்கினார். ஒன்றை மூடியில் மாட்டிவிட்டு, மிச்சத்தை விற்றுத் தொலைக்கலாமென்று ஒரு விற்பனைத் தளத்தில் படம் போட்டார். அந்த மிச்சம்தான் இன்றைக்கு ஓர் அறை முழுக்க நிற்கிறது. விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிய அறை அது. இப்போது விருந்தாளி வந்தால் கூடத்தில்தான் பாய்.

ஆரம்பத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். நீளக் கைப்பிடியைக் கிடைத்த பெட்டியில் போட்டு அனுப்பினார். கூரியர்காரர்கள் எடையைப் பார்த்துக் கூலி கேட்பார்கள் என்று நினைத்தார். பெட்டியின் அளவைப் பார்த்துக் கேட்டார்கள். "அரைப்பெட்டி காத்துக்குக் கூலி கொடுத்தேன்" என்று இன்றும் சொல்லிக் காட்டுவார். இப்போது அட்டையைத் தானே வெட்டி, கைப்பிடிக்குச் சட்டை தைப்பதுபோல் அளவாக மடிக்கிறார். வாங்குகிறவர்கள் மூடியைப் படமெடுத்து அனுப்பும்போது பக்கத்தில் ஒரு நாணயத்தை வைக்கச் சொல்கிறார். அளவு தவறிப்போனால் போக்குக்கும் வரத்துக்கும் இவர்தான் அழவேண்டும். "ஒரு குமிழ் வித்தா அட்டைப்பெட்டி ஒரு கை நீட்டுது, டேப் ஒரு கை நீட்டுது, அந்தத் தளம் ரெண்டு கையும் நீட்டுது. கடைசியில எனக்குன்னு நிக்கிறது கைப்பிடி அளவுதான்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சிரிப்பார்.

அக்காவிடம் இன்னொரு விநோதம் உண்டு. அந்த அறையில் வேலை செய்யும்போது காலில் செருப்பு இருக்கும். வீட்டுச் செருப்பு அல்ல, தெருவுக்குப் போட்டுப்போகும் பழுப்புத் தோல் செருப்பு. அடுப்படிக்குப் போகும்போது கழற்றுவார், அறைக்குத் திரும்பியதும் மாட்டிக்கொள்வார். நாத்தனார் ஒருமுறை வந்தபோது, "அண்ணி கடைக்குப் போறாங்களா, கடையிலேர்ந்து வராங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். பதில் கிடைக்கவில்லை.

பதில் ஒரு பழைய மத்தியானத்தில் இருக்கிறது. அக்கா அப்போது ஒரு காகிதக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தார். முதலாளி நல்ல பருமன். செருப்பைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவது அவர் பழக்கம். ஒரு நாள் வரி அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். குரலே உயரவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள், கதவை இழுத்தார்கள், பூட்டினார்கள், பூட்டின் மேல் அரக்கு வைத்தார்கள். தெருவில் இறங்கி நின்ற பிறகுதான் முதலாளி தன் காலைக் குனிந்து பார்த்தார். செருப்பு உள்ளே இருந்தது. கேட்க வாய் எழவில்லை. தார் உருகும் வெயிலில், ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு எட்டி எட்டி வைத்து, அந்தப் பெரிய உடம்போடு அவர் வீட்டுக்குப் போனார். தெருவே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"அவர் தப்புப் பண்ணினாரா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. செருப்பு உள்ள மாட்டிக்கிச்சு. அது மட்டும்தான் தெரியும்."

ஆகவே செருப்பை அறைக்குள் ஒரு மூலையில் விட அக்கா தயாரில்லை. வாசலுக்கு வெளியே விட்டால், உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். மிச்சமிருப்பது கால்தான்.

இத்தனைக்கும் அக்கா யாரையும் ஏமாற்றியவரல்ல. வருமானத்துக்கு உண்டான வரியை ஒழுங்காகக் கட்டிவருகிறார். ஆனால் விற்பனை வரி என்று இன்னொன்று இருக்கிறது. வருட விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் வியாபாரத்தைப் பதிவு செய்யவேண்டும், வாங்குகிறவர்களிடம் வரி வசூலித்துக் கட்டவேண்டும். அந்த வரம்புக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் 'கோடு'. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நான்கு பேரும் நிற்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அதனால் வருடம் முடியச் சில மாதங்கள் இருக்கும்போதே கடையின் எல்லாப் பொருள்களுக்கும் 'சரக்குத் தீர்ந்துவிட்டது' என்று போட்டுவிடுவார். அலமாரி வழிய வழியச் சரக்கு இருக்கும். அக்கா எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். அடிக்கடி காலியாகும் கடையை விற்பனைத் தளம் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். புது வருடம் பிறந்தால் கடைசியிலிருந்து மறுபடி ஊர்ந்து வரவேண்டும். வருடா வருடம் இந்த ஏணியும் பாம்பும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓடவிடுகிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கேட்டால், "வைத்தியன் வீட்டுல பத்தியம் இருக்குமா?" என்பார். மனைவியின் பயத்துக்கும் அவரிடம் ஒரு வாக்கியம் உண்டு.

"மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்பாங்க."

"என் மடியில கனமே இல்லைங்க. பயம் மட்டும்தான் இருக்கு. அதைத்தான் தூக்க முடியல."

"லிஃப்ட்டுல மாட்டிக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். கதவை நகத்தால பிளக்கப் பாப்பாங்க, கத்துவாங்க, வேர்த்து வழிவாங்க. கையெட்டுற தூரத்துல மணி இருக்கும், அதை அமுக்க மாட்டாங்க. நீயும் போய் யாராவது கணக்குப் பாக்கிறவங்களைக் கேளேன்."

"கேட்டா எழுதி வெச்சுக்குவாங்க."

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். இந்த வருடம் ஒரு தொலைபேசி வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகளை நடத்தும் அம்மாள் ஒருவர். பல சமையற்கட்டுகள், பெரிய பெரிய அண்டாக்கள், எல்லாவற்றுக்கும் காது ஆடிக்கொண்டிருக்கிறதாம்.

"கடையில எல்லாமே தீர்ந்துபோச்சுன்னு காட்டுதே? உங்ககிட்ட முன்னாடி வாங்கினது நல்லா உழைச்சது. மாசா மாசம் எடுத்துக்கிறேன். பதிவு எண் போட்டு முறையா பில் மட்டும் கொடுத்துடுங்க."

அக்கா அலமாரியைப் பார்த்தார். "சரக்கு... வரணும்மா" என்றார். அந்தப் பொய்க்குப் பிறகு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அந்த ஓர் ஆர்டர் கிடைத்தால் வருடம் முழுக்கக் கடை மூடாமல் ஓடும். கிடைக்கவேண்டுமென்றால் கோட்டைத் தாண்டவேண்டும். விடுதிக்கார அம்மாள் மாதக் கடைசி வரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கணக்காளர் அம்மாள் ஒருவரின் அலுவலகம். கணவர் கொண்டுபோய் விட்டார். அக்கா செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விற்பனைத் தளத்தின் கணக்கைக் கணினியில் திறந்து கணக்காளர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றுவது அக்காவுக்கு ஞாபகம் வந்தது.

"வருஷா வருஷம் எதைக் கூட்டிப் பாத்துக் கடையை மூடினீங்க?"

"பொருள் வித்த காசைத்தாங்க."

"டெலிவரிக்குன்னு தனியா வாங்கினீங்களே, அது?"

"அது என் காசு இல்லைங்களே! இந்தக் கையில வாங்கி அந்தக் கையில கூரியர்காரங்ககிட்ட கொடுத்துடறேன். ஒரு பைசா நிக்கிறதில்லை."

"நிக்கலன்னா சரி. உங்க பில்லுல ஏறிச்சா, இல்லையா?"

"ஏறிச்சு."

"அப்ப அதுவும் விற்பனைதாம்மா. அதையும் சேத்தா, போன வருஷம் எப்படியோ தப்பிச்சுட்டீங்க. இந்த வருஷம் நாலு மாசத்துக்கு முன்னாடியே வரம்பைத் தாண்டிட்டீங்க."

கடையை இழுத்து மூடி, நகத்தைக் கடித்து, வாய்த்த ஆர்டரைப் பொய் சொல்லித் துரத்தி, அக்கா பதுங்கிக் கிடந்ததெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கத்தில்தான்.

"பூட்டிடுவாங்களா?" என்றார்.

"எதைம்மா?"

"வீட்டை."

கணக்காளர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பாராட்டவேண்டும். "தேடி வந்து பிடிக்கிறது வேற, நாமளே போய்ச் சொல்றது வேற. இந்த நாலு மாசத்து வரி உங்க கையிலேர்ந்துதான் போகும். வாங்கினவங்ககிட்ட இனிமே கேக்க முடியாது. மேல கொஞ்சம் அபராதம். வலிக்கும், ஆனா செத்துப்போக மாட்டீங்க. இன்னைக்கே பதிவுக்குப் போட்டுடலாம்."

போட்டார்கள். வலித்தது. குளிர்பெட்டி வாங்கவென்று சேர்த்ததில் பெரும்பகுதி போயிற்று. அதைக்கூட அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். "ஒரு நாள் அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பாரு, அப்புறம்தான் எண் கொடுப்பாங்க" என்று கணக்காளர் போகிற போக்கில் சொன்னதுதான் தாங்கவில்லை. எந்த நாள் என்று சொல்லமாட்டார்களாம்.

அன்றிலிருந்து மணி அடித்தால் விரிப்பை இழுப்பதற்கு முன்னாலேயே அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். பால்காரர் மணி அடித்தார், செருப்பு. எதிர்வீட்டு அம்மா தவறிப்போய் இவர் மணியை அமுக்கினார், செருப்பு. கணவர் விடுப்புப் போடுகிறேன் என்றார். "எத்தனை நாள் போடுவீங்க? போங்க, போய் ஊரைத் தூக்கிவிடுங்க" என்று அனுப்பிவைத்தார். மாதம் முடியப் போகிறது, விடுதிக்கார அம்மாள் மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டார்.

ஒரு முற்பகலில், கீழேயிருந்து பார்சல்காரர் போன் செய்தார்.

"அக்கா, ஷூ போட்ட ஒருத்தர் உங்க வீட்டு நம்பரைக் கேக்கிறாரு. கையில ஃபைலு. லிஃப்ட் ஓடலன்னு சொல்லிட்டேன். படியேறி வராரு, மூச்சு வாங்குது. உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு."

எதற்கு நேரம்? அக்கா விரிப்பை இழுத்தார். கை தானாகவே இழுத்தது. மணி அடித்தது.

வந்தவர் சின்ன வயதுக்காரர், வேர்த்திருந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலுறையின் நுனியில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது. அக்காவுக்கு அது கண்ணில் பட்டது, ஆனாலும் பயம் ஓர் இம்மியும் இறங்கவில்லை. அன்று வந்த நான்கு பேரும்கூடச் சாதுவாகத்தான் பேசினார்கள்.

"வியாபாரம் இங்கதானேம்மா நடக்குது? சரக்கெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

அறையில் அவர், அக்கா, நீலக் கட்ட விரிப்பு. வேறெதுவும் கண்ணில் படவில்லை. அதிகாரி பேனா மூடியைக் கழற்றிக் காத்திருந்தார். அக்கா விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, காய்ந்த துணியைக் கொடியிலிருந்து உருவுவதுபோல், கீழ்நோக்கி ஒரே இழுப்பில் உருவினார். மேலிருந்த இஸ்திரிப் பெட்டி தடாலென்று விழுந்தது. அதிகாரி துள்ளிப் பின்வாங்கினார். ஒரு டப்பா கவிழ்ந்து, கறுப்புக் குமிழ்கள் தரையெங்கும் உருண்டன.

"இதுதாங்க" என்றார் அக்கா. "எல்லாமே இதுதாங்க."

அதிகாரி ஒரு குமிழை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் ஒண்ணு உடைஞ்சு கிடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதை டப்பாவில் போட்டார். பின்பு கைபேசியை எடுத்தார். "ஒரு படம் எடுக்கணும். அலமாரி பக்கத்துல நில்லுங்க."

அக்கா அலமாரிப் பக்கம் ஓரடி வைத்தார். நின்றார். தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"ஒரு நிமிஷங்க."

"பரவாயில்லம்மா, செருப்போடவே நில்லுங்க. முகம்தான் விழணும்" என்றார் அதிகாரி, மரியாதைக்காகத்தான் கழற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு.

அக்கா காதில் வாங்கவில்லை. இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, குமிழ்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்துபோய், கதவை அகலத் திறந்தார். அதிகாரியின் ஷூவுக்குப் பக்கத்தில், நிலைப்படிக்கு நன்றாக வெளியே, முனை படிக்கட்டைப் பார்க்கத் திருப்பி, இரண்டையும் ஒட்டி வைத்தார்.