சிவப்பு லைட்டை நம்பாதீங்க

ஃபேனை நிறுத்தினதும் பழம்பொரி வாசனை வரும்.

தம்பானூர்ல ஒரு லாட்ஜோட மூணாவது மாடி ரூம். எதிரொலி வரக்கூடாதுன்னு பழைய மெத்தைகளைச் சுவத்தோரமா நிமிர்த்தி வச்சிருப்போம். மைக்குல காத்துச் சத்தம் கேக்கும்னு ஃபேனை ஆஃப் பண்ணுவோம், ஜன்னலைச் சாத்துவோம்... அப்பவும் கீழ டீக்கடைல வாழைப்பழத்தைப் பொரிக்கற எண்ணெய் வாசனை எப்படியோ ஏறி வந்துடும்.

சில வருஷம் முன்னாடி வரைக்கும் அதுதான் எங்க இன்டர்நெட் ரேடியோ ஸ்டேஷன். செல்வி அக்கா அந்த லாட்ஜ்ல ரிசப்ஷனிஸ்ட், ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் அறிவிப்பாளர். நான் ஒரு கம்பெனில சப்போர்ட் வேலை. ஞாயிறானா இங்க வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்குவேன். சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ், யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம். கேக்கறவங்க, கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் இந்த மலையாள ஊருக்கு வந்த நம்ம தமிழ் ஆளுங்களும், ஊர்ல இருக்கற அவங்க வீட்டுக்காரங்களும்.

நேத்துலருந்து எனக்குக் கோவம் அடங்கல. ஏன்னு சொல்லணும்னா மாரியப்பன் அண்ணாச்சியில ஆரம்பிக்கணும்.

கொத்தனார். தென்காசிப் பக்கம். மக நர்ஸிங் படிக்க வெளியூர் போறேன்னப்போ கூடாதுன்னு குதிச்சிருக்கார். கடைசில அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார்தான், ஆனா அந்தப் பொண்ணு அவர்கிட்ட பேசறதை நிறுத்திடுச்சு. இவர் போன் பண்ணினா அம்மா கையில கொடுத்துட்டு எழுந்து போயிடும்.

"நேர்ல எனக்கு வாய் வராது தம்பி. ரேடியோன்னா பேசிருவேன்"னார்.

பொண்ணு லீவுக்கு வந்திருந்த ஞாயிறு. மூணு மணிக்கு அவளை ரேடியோ கேக்க வைன்னு வீட்டுல சொல்லிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோட வந்தார். பேசினார். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. செல்வி அக்கா சவுண்ட் மிக்ஸர்ல கை வச்சபடியே அழுதாங்க. ஹெட்ஃபோன்ல குரல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஸ்கிரீன்ல 'ஆன் ஏர்'னு சிவப்பு லைட் எரிஞ்சுது.

முடிச்சதும் ஸ்பீக்கர்ல போட்டு வீட்டுக்கு போன் பண்ணினார்.

"எல்லாரும் கேட்டியளா?"

"என்னத்த கேக்க... ஒரு சத்தமும் வரலயே" அப்படின்னாங்க அவர் சம்சாரம். "அவ ரொம்ப நேரம் காதுலயே வச்சிட்டு இருந்தா. அப்பா என்னைய ஏமாத்திட்டாருன்னு எந்திச்சுப் போயிட்டா."

சர்வர் கனெக்‌ஷன் முன்னாடியே போயிருக்கு. அந்த லைட்டு சர்வருக்காக எரியறது இல்லை, மைக் திறந்திருந்தாலே எரியும். ஹெட்ஃபோன்ல கேட்டது நேரா மிக்ஸர்லருந்து வந்த சத்தம். அது அந்த ரூமைத் தாண்டவே இல்லை. ரெக்கார்டும் ஆகல.

இன்னொரு தடவை பேசுங்க அண்ணாச்சின்னு அக்கா கெஞ்சினாங்க.

"சாரமில்ல, பரவால்ல, விடுங்க. ஒருக்க சொல்லியாச்சு... இனி வராது." சட்டைக் காலரைத் துடைச்சுக்கிட்டு படியிறங்கிப் போயிட்டார்.

நான் அந்த சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் ஆளுங்களுக்கு எழுதினேன். பதில் வந்துச்சு. லைட் சரியாத்தான் வேலை செய்யுது, டாக்குமென்டேஷனைப் படிச்சிட்டு வாங்கன்னு. படிச்சேன் சார், முதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சேன். அந்த லைட்டைப் பத்தி ஒரு வரி கிடையாது. இல்லாத வரியைப் படிக்கலைன்னு எங்க மேல பழி.

சரி, நானே எழுதறேன்னு உக்காந்தேன். அப்படித்தான் அந்த சாஃப்ட்வேருக்கு டாக்குமென்டேஷன் எழுதற ஆளானேன். என்னோட முதல் பக்கம் ரொம்பச் சின்னது. சிவப்பு லைட்டை நம்பாதீங்க. ஒருத்தரைக் கட்டடத்துக்கு வெளியே அனுப்புங்க. வைஃபையை ஆஃப் பண்ணி, மொபைல் டேட்டாவுல கேக்கச் சொல்லுங்க. அவர் கை காட்டின பிறகு பேசுங்க.

கை காட்டறதெல்லாம் ப்ரொஃபஷனலா இல்லைன்னு அப்பவே ப்ராஜெக்ட்ல ஒருத்தர் முகத்தைச் சுளிச்சார். நான் விடல. சண்டை போட்டு உள்ள சேர்த்தேன்.

எங்க ரூம்ல அது வழக்கமாவே ஆயிடுச்சு. கீழ டீக்கடைச் சேட்டன் ஒரு காதுல போனை வச்சுக்கிட்டு, "ஆ, வருன்னுண்டு", சத்தம் வருதுன்னு ஜல்லிக்கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். மேல ஜன்னல்ல அக்கா அதைப் பார்த்துட்டுத்தான் வணக்கமே சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எங்க ஸ்டேஷன்ல யாரும் வெறும் சுவத்துக்குப் பேசினதில்லை.

இப்ப அந்த ரூம்ல மறுபடி கட்டில் போட்டு வாடகைக்கு விட்டுட்டாங்க. அக்கா கல்யாணமாகி நாகர்கோவில் போயிட்டாங்க. நான் மட்டும் வருஷக்கணக்கா அந்தப் பக்கங்களைத் திருத்திக்கிட்டே இருந்தேன்.

நேத்து புது வெர்ஷன் வந்துச்சு. டாக்குமென்டேஷனை 'க்ளீன்' பண்ணிட்டாங்களாம். என் பக்கத்தைத் தேடறேன், காணோம். அந்த இடத்துல ஒரே வரி... பட்டனை அழுத்துங்க, நீங்க ஆன் ஏர்ல இருக்கீங்க. பக்கத்துல ஒரு ராக்கெட் படம்.

ஒருவேளை லைட்டைச் சரி பண்ணிட்டாங்களோன்னு இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தேன். நெட் வயரைப் பிடுங்கினேன். லைட்டு சும்மா ஜம்முனு எரியுது.

ஏன் எடுத்தீங்கன்னு கேட்டேன். உடனே பதில். உங்க ஆர்வத்துக்கு நன்றி, புது டிசைனைப் பார்த்தாலே புரியும், அந்தப் பக்கம் யாருக்குத் தேவைப்படுதுன்னு சொல்ல முடியுமான்னு.

அப்போ அந்த வரி இல்லாததுக்குக் காரணம், யாருக்கும் அது தெரியாம இருந்தது. இப்போ தெரிஞ்சு, எழுதி, இத்தனை வருஷம் இருந்ததை அழிச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணு இல்லை.

பக்கத்தைத் திரும்ப அனுப்பிட்டேன். ஒரு எழுத்து மாத்தல. யாருக்குத் தேவைன்ற கேள்விக்கு மட்டும் என்ன எழுதறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்.

அந்தப் பொண்ணு இப்ப நர்ஸ். அப்பாகிட்ட பேசுதாம்... சாப்டீங்களா, அங்க மழையா, அவ்வளவுதான். அன்னைக்கு அவர் பேசினதை நாங்க அவகிட்டச் சொல்லியிருக்கலாம்தான். ஆனா அது எங்க வாயால வரவேண்டிய பேச்சு இல்லையே.

அன்னைக்கு மாரியப்பன் அண்ணாச்சி என்ன சொன்னார்னு, அந்த ரூம்ல இருந்த எங்க மூணு பேருக்குத் தெரியும். அவர் யாருக்காகச் சொன்னாரோ, அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.